பிரேக் பெடல் மெத்தென்று போகிறதா? ஏர் எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரில் பிரேக் பெடல் மெத்தென்று போகிறது என்று சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வது ஒன்றுதான்: "ஏர் பூந்திருக்கும், எடுத்துட்டா சரியாயிடும்." நான்கு சக்கரத்திலும் காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைத் தளர்த்தி, ஒரு பாட்டில் பிரேக் ஆயிலைக் காலி செய்து, பெடலை நாலு மிதி மிதித்துப் பார்ப்பார்கள். சில சமயம் சரியாகிவிடும். பல சமயம் ஒரு வாரம் கழித்துப் பழைய கதைதான். சில சமயம், கை வைப்பதற்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகிப் போகும்.

மூடிய சிஸ்டத்துக்குள் காற்று தானாக முளைக்காது. எங்கோ ஒரு வழி இருந்தால்தான் உள்ளே வரும். அந்த வழியை அடைக்காமல் காற்றை மட்டும் வெளியே விட்டால் அது திரும்ப வரத்தான் செய்யும். அது போக, காற்றே இல்லாமல் பெடல் தாழ்ந்து போகும் காரணங்கள் ஏழெட்டு இருக்கின்றன. நிப்பிளைத் திறந்த பிறகு, அதுவரை பெடல் காட்டிக்கொண்டிருந்த அடையாளம் கலைந்துவிடும். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், காலால் செய்ய வேண்டிய சோதனைகளை முடித்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் ஒன்று. பெடல் தரையைத் தொடுகிறது என்றாலோ, ஒரே இரவில் ஆயில் மட்டம் இறங்கிவிட்டது என்றாலோ, "மெதுவா ஓட்டிட்டுப் போய் ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாம்" என்று கிளம்பாதீர்கள். 1960-களின் கார்கள் பலவற்றில் பிரேக் சர்க்யூட், அதாவது ஆயில் அழுத்தம் போகும் தனி வழி, ஒன்றே ஒன்றுதான். ஒரு இடத்தில் குழாய் விட்டால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டை சர்க்யூட் உள்ள காரிலும் ஒன்று போய்விட்டால் மிச்சம் இருப்பது பாதி பிரேக். வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

எல்லாத் தாழ்ந்த பெடலையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

பெடல் சரியில்லை என்பதை எல்லோரும் 'சாஃப்ட்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கால் வைத்துக் கவனித்தால் அதில் நான்கைந்து வகை தெரியும்.

மிதிக்கும்போது ஸ்பிரிங் மாதிரி அமுங்கி, காலை எடுத்தால் எதிர்த்துத் தள்ளுகிறதா? அது காற்று, ஊதிப்போகும் ரப்பர் ஹோஸ், அல்லது எங்கோ வளைந்து கொடுக்கும் ஒரு பாகம். பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் போய், அப்புறம் கல் மாதிரி நிற்கிறதா? அங்கே காற்று இல்லை. எங்கோ இடைவெளி அதிகம். பழைய காரில் அது பெரும்பாலும் பின்சக்கர டிரம் (உள்ளே ஷூக்கள் விரிந்து உரசும் வட்டப் பெட்டி). மிதித்துப் பிடித்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகிறதா? ஆயில் எங்கோ தப்பிக்கிறது. வெளியே கசிகிறது, இல்லையென்றால் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டனில் இருக்கும் ரப்பர் கப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது. காலையில் நன்றாக இருந்து, நீண்ட இறக்கத்தில் மட்டும் காலடியில் கரைந்து போகிறதா? ஆயிலில் நீர் கலந்து கொதித்திருக்கிறது. ஒரு வளைவோ குண்டும் குழியுமான சாலையோ கடந்த பிறகு முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது மிதி சரியாக இருக்கிறதா? சக்கர பேரிங்கில் ஆட்டம், அல்லது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் (வட்டத் தகடு) நேராகச் சுற்றாமல், அதைப் பிடிக்கும் பேடைப் பின்னால் தள்ளிவிடுகிறது.

இந்தக் கடைசி வகைதான் ஆட்களை ரொம்பவும் அலைக்கழிக்கும். கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றதும் மெக்கானிக் ஒரு முறை மிதிப்பார், பேட் முன்னால் வந்துவிடும், அவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். "ஒண்ணும் இல்லையே" என்பார். ஆகவே பெடல் எப்போது தாழ்கிறது, எவ்வளவு ஓட்டிய பிறகு, முதல் மிதியிலா தொடர்ந்தா என்பதை ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கருவியும் அந்த வேலையைச் செய்யாது.

சிறிய இடைவெளிகூட பெடலில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மி.மீ., பெடல் விகிதம் 5-க்கு 1 (பெடல் 5 மி.மீ. இறங்கினால் பிஸ்டன் 1 மி.மீ. நகரும்) என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 1 மில்லி காற்று மாட்டியிருந்தால், அதை நசுக்கவே பெடல் கிட்டத்தட்ட 16 மி.மீ. கூடுதலாக இறங்க வேண்டும். இப்போது காற்றே இல்லை, ஆனால் 48 மி.மீ. பிஸ்டன் உள்ள ஒரே ஒரு காலிப்பரில் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி) பேட் 1 மி.மீ. பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், பெடல் சுமார் 29 மி.மீ. இறங்கும். ஒரு சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர், காலடியில் மூன்று சென்டிமீட்டர். அந்தக் காரில் எத்தனை பாட்டில் ஊற்றி ஏர் எடுத்தாலும் அந்த மூன்று சென்டிமீட்டர் அங்கேயேதான் இருக்கும்.

அடித்துப் பார்த்த பெடலைத் தப்பாகப் படிப்பது

பெடலை மூன்று நான்கு முறை வேகமாக அடித்தால் மேலே எழும்புகிறது. உடனே "ஏர்தான்" என்று தீர்ப்பு. பாதிதான் சரி. அடித்தால் பெடல் எழும்புவது காற்றுக்கும் பொது, டிரம் இடைவெளிக்கும் பொது. எழும்பிய பிறகு எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயம். உயரத்துக்கு வந்தும் இன்னும் மெத்தென்று அமுங்கினால் காற்று. உயரத்துக்கு வந்து கெட்டியாக நின்றால் ஷூ இடைவெளி அல்லது பின்னால் தள்ளப்பட்ட பேட். அடித்தும் எழும்பவே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரையோ கசிவையோ சந்தேகிக்கலாம்.

இன்னொரு குழப்பம் பூஸ்டரில், அதாவது இன்ஜினின் வேக்குவத்தால் காலின் பலத்தைக் கூட்டித் தரும் பாகத்தில். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டால் பெடல் கெட்டியாகும். அப்படியே மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் ஓரளவு கீழே போகும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதைப் பார்த்துவிட்டு "இன்ஜின் ஓடினா பெடல் இறங்குது, பூஸ்டர் போயிடுச்சு" என்று நல்ல பூஸ்டரைக் கழற்றி மாற்றியவர்கள் உண்டு. கெட்டுப்போன பூஸ்டர் பெடலை மெத்தென்று ஆக்காது. காலை வலிக்க வைக்கும் அளவுக்குக் கெட்டியாக்கும். கொஞ்சம் இறங்கி நின்றால் இயல்பு. நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் மட்டும்தான் கவலை, அந்தக் கவலையும் பூஸ்டரைப் பற்றியது அல்ல.

பின் டிரம்மை மறந்துவிடுவது

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள பழைய கார்களில் பெடல் ஆழமாகப் போகிறது என்றால், நான் முதலில் பார்க்கச் சொல்வது பின்சக்கரத்தைத்தான். காரணம் எளிது. டிஸ்க் பேட் தேயத் தேயத் தானாகவே நெருங்கி வந்துவிடும். டிரம் ஷூவுக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு சின்ன அட்ஜஸ்டர் இருக்கிறது. இருபது வருடத் தூசியிலும் துருவிலும் அது அசையாமல் இறுகிப் போயிருக்கும். ஷூ தேய்கிறது, அட்ஜஸ்டர் நகரவில்லை, இடைவெளி கூடிக்கொண்டே போகிறது.

கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பெடலை மிதித்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை மூன்று நான்கு பல் இழுத்து வைத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். பெடல் கணிசமாக மேலேயே நின்றுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது: ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம்முக்கு அருகே கொண்டுபோய் வைத்த அந்த தூரத்தைத்தான் இவ்வளவு நாள் உங்கள் கால் தள்ளிக்கொண்டிருந்தது. மாற்றமே இல்லையென்றால் பின் டிரம்மைத் தற்காலிகமாக விட்டுவிடலாம். ஹேண்ட் பிரேக் பின் ஷூவையே இழுக்கும் கார்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. சில கார்களில் அது முன்சக்கரத்திலோ ஷாஃப்டிலோ இருக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஷூவை விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குவது. லீவர் அழகாக மேலே நின்றுவிடும், பெடலும் கொஞ்சம் எழும்பிவிடும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கேபிள் இழுவையிலேயே இருப்பதால் டிரம்முக்குள் இருக்கும் லீவர் அதன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. பல வடிவமைப்புகளில் அந்த நிலைக்குத் திரும்பினால்தான் அட்ஜஸ்டர் அடுத்த பல்லுக்கு நகரும். கேபிளை இறுக்கினால் அட்ஜஸ்டருக்கு முழு விடுமுறை கொடுத்த மாதிரி. சரியான வரிசை நேர்மாறானது: முதலில் கேபிளை முழுசாகத் தளர்த்த வேண்டும். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரின் மறையைச் சுத்தம் செய்து, சுழல்கிறதா என்று பார்த்து, ஷூ லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கேபிள் கடைசியில்தான்.

டிரம்மைக் கழற்றியபோது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு பக்கமும் இருக்கும் தூசி ரப்பரின் விளிம்பை ஒரு மழுங்கிய ஸ்குரூடிரைவரால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்பசை இருப்பது பெரிதல்ல. ஆயில் தேங்கி நின்று, ரப்பரைத் தூக்கியதும் சொட்டினால் அந்த சிலிண்டர் முடிந்தது. வெளியே டிரம் காய்ந்து சுத்தமாகத் தெரிவதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது; ரப்பர் நிரம்பி வழியும்வரை வெளியே எதுவும் தெரியாது.

புது ஷூ போட்ட பிறகு பெடல் மெத்தென்று ஆனால் பதற வேண்டியதில்லை. பல முறை கடைந்து விட்டம் கூடிப்போன டிரம்மில் புது ஷூவின் வளைவு சரியாகப் பொருந்தாது. நடுப்பகுதி மட்டும் தொட்டு, ஓரங்கள் மிதிக்கும்போது வளைந்து கொடுக்கும். அதுதான் காலுக்கு மெத்தென்று தெரிகிறது. கொஞ்சம் ஓடித் தேய்ந்ததும் சரியாகும். டிரம்மின் மேல் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டியிருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டியதுதான்.

மாஸ்டர் சிலிண்டரை ஓங்கி மிதித்துச் சோதிப்பது

மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறதா என்று பார்க்க, பலரும் முழு பலத்தோடு மிதித்துப் பிடிப்பார்கள். பெடல் நின்றுவிடும். "நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். தேய்ந்த ரப்பர் கப்பின் குணம் வேறு. பெரிய அழுத்தத்தில் கப்பின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசான அழுத்தத்தில்தான் ஆயில் நழுவிப் போகும். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது, அவசரமாக அடித்தால் பிடிக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால் அதை நம்ப வேண்டும். இன்ஜின் ஓட, லேசாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பிறகு அழுத்தமாக ஒரு நிமிடம். இரண்டும் வேண்டும்.

ஆயில் குறைகிறது, ஆனால் எந்தச் சக்கரத்திலும் ஈரம் இல்லை, கீழே ஒரு சொட்டும் இல்லை என்றால் அது ஆவியாகிப் போகவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீலைத் தாண்டி பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்; பூஸ்டரின் பெயின்ட் அங்கே மட்டும் உப்பி உரிந்திருந்தால் அதுதான் சாட்சி. பெரும்பாலான கார்களில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றினால், குழாய்களை அவிழ்க்காமலே சிலிண்டரை விரலளவு முன்னால் இழுத்துப் பார்க்கலாம். குழாய் வளையும் அளவுக்கு இழுக்கக் கூடாது.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிப்பதும் பழைய சிலிண்டருக்கு ஆகாது. வருடக்கணக்கில் பிஸ்டன் முதல் பாதியில்தான் போய்வந்திருக்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் சுவரில் துருவும் கசடும் சேர்ந்து சொரசொரப்பாகிவிட்டது. திடீரென்று கப்பை அதன் மேல் தேய்த்தால் உதடு கிழிந்துவிடும். ஏர் எடுத்த பிறகு பெடல் முன்பைவிட மோசமாகிப் போன பல கார்களின் கதை இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, பாதிக்கு மேல் போகாமல் தடுத்துவிட்டால் தீர்ந்தது.

சிலிண்டரையே மாற்றுகிறோம் என்றால் விட்டத்தை அளந்து பாருங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரே மாடலுக்கு வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு அளவு வந்திருக்கும். விட்டம் சிறியதாகிவிட்டால் பெடல் ஆழமாகப் போகும். பெரியதாகிவிட்டால் பெடல் உயரமாக, கெட்டியாக இருக்கும், ஆனால் நிறுத்த அதிக பலம் வேண்டும். நான்கும் டிரம்மாக உள்ள பழைய கார்களில், சிலிண்டரின் வெளிவாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 0.7 பார் அழுத்தத்தைத் தக்கவைத்து, வீல் சிலிண்டர் கப் காற்றை உள்ளே இழுக்காமல் காப்பதுதான் அதன் வேலை. மாற்று சிலிண்டரில் அது இல்லாவிட்டால், பெடலைச் சட்டென்று விடும்போது கப்பின் விளிம்பு வழியே துளித் துளியாகக் காற்று நுழையலாம். பிறகு எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும். புது சிலிண்டரை வைஸில் பிடித்து, வாய்களிலிருந்து அதன் மேலுள்ள ஆயில் தொட்டிக்கே ஆயில் திரும்பும்படி குழாய் வைத்து, காற்று நின்ற பிறகு காரில் பொருத்த வேண்டும். காய்ந்த சிலிண்டரை அப்படியே மாட்டினால் அதற்குள் சிக்கிய காற்று சக்கர நிப்பிள் வழியாக வருவது பெரும் பாடு.

புஷ்ராடை நீட்டி பெடலைத் தூக்குவது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பெடலைச் சரிசெய்தது போலவே காட்டும். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் புஷ்ராடின் நட்டைச் சுழற்றி நீளத்தைக் கூட்டினால் பெடல் உடனே மேலே வந்துவிடும். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை.

சிலிண்டருக்குள் தொட்டியோடு சேரும் இடத்தில் ஊசித்துளை போல ஒரு வழி இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் அது திறக்கும். சூட்டில் விரிந்த ஆயில் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். புஷ்ராடை நீட்டியதில் பிஸ்டன் ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டாலும் துளை அடைபட்டுவிடும். முதல் சில கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. பிரேக் சூடாகும், ஆயில் விரியும், திரும்ப வழியில்லை, பேட் டிஸ்க்கைப் பிடிக்கத் தொடங்கும், இன்னும் சூடாகும். கடைசியில் சக்கரம் புகையோடு இறுகி நடுவழியில் நிற்கும். புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கையேட்டில் சொன்ன சிறிய ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். பெடலின் உயரத்தைக் கூட்டும் திருகு என்று அதைக் கருதாதீர்கள்.

தொட்டியைப் பார்த்தவுடன் நிரப்புவதும், கையில் கிடைத்ததை ஊற்றுவதும்

டிஸ்க் பேட் தேயும்போது பிஸ்டன் வெளியே வந்து நிற்பதால் தொட்டி மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. மாதாமாதம் மேல்கோடுவரை ஊற்றிக்கொண்டே போனால் அந்தத் தகவல் மறைந்துவிடும். கசிவையும் தேய்மானத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். புது பேட் போட்டு பிஸ்டனைத் தள்ளும்போது தொட்டி வழிந்து பெயின்ட்டையும் தின்றுவிடும். மட்டம் குறைந்தால் ஊற்றும் முன் பேட் தடிமனைப் பாருங்கள்.

சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை; டாட் 3 வகையில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழ் வரும், பெடல் கரையும். ஆறினால் குமிழ் மறைந்து பெடல் திரும்பிவிடும், அதனால்தான் மறுநாள் சோதித்தால் குறையே தெரியாது. பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் அது வேறு விஷயம். பேட் சூடேறிப் பிடிப்பு விட்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் ஆயில் மாற்ற வேண்டியவர் பேட் மாற்றிக்கொண்டிருக்கிறார். நிறத்தை வைத்துத் தீர்மானிப்பதும் சரிவராது. தெளிவாக இருக்கும் ஆயிலிலும் நீர் இருக்கும். எப்போது மாற்றினோம் என்பது நினைவில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். பல தயாரிப்பாளர்கள் சொல்வது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. திறந்து வைத்த பழைய பாட்டிலை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

சிலிக்கான் வகையான டாட் 5 பெயின்ட்டைக் கெடுக்காது என்பதால் பழைய கார் பிரியர்களுக்கு அதன் மேல் ஒரு கண். அது மற்றவற்றோடு கலக்காது; சிறு குமிழ்களை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டிலைக் குலுக்கிவிட்டு ஊற்றினால் பெடல் மெத்தென்றுதான் இருக்கும். டாட் 5.1 பெயரில் அருகில் இருந்தாலும் டாட் 3, 4 குடும்பம்தான், சிலிக்கான் அல்ல.

இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தவறிப்போய் ஊற்றப்பட்டிருந்தால், தொட்டி மூடியின் அடியில் இருக்கும் ரப்பர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெளியே எடுத்தால் ஊதிப் பெருத்து, திரும்ப மூடிக்குள் நுழைய மறுக்கும். உள்ளே இருக்கும் கப், ஹோஸ், சீல் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அந்த நிலையில் ஆயிலை மாற்றி ஓட்டிவிடலாம் என்பது நடக்காது. ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும். பச்சை நிற மினரல் ஆயிலில் ஓடும் சிட்ரோயனின் பழைய ஹைட்ரோநியூமேட்டிக் கார்களில் இது தலைகீழ்: அங்கே சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால்தான் நாசம்.

ஏர் எடுக்கும் விதத்திலேயே கோட்டை விடுவது

சரி, சோதனையெல்லாம் முடிந்தது, காற்றுதான் என்று தெரிந்துவிட்டது. இப்போதும் சறுக்கும் இடங்கள் உண்டு.

காலிப்பரில் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது காலிப்பரை வலதில் மாட்டினாலும் பல கார்களில் அழகாகப் பொருந்திவிடும். நிப்பிள் மட்டும் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேதான் தங்கும், கீழே திறந்து எவ்வளவு ஆயில் விட்டாலும் அது அசையாது. முன் பிரேக்கை மாற்றிய மறுநாளிலிருந்து பெடல் சரியில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கையால் இயக்கும் வேக்குவம் பம்பை வைத்து இழுக்கும்போது குமிழ் நிற்கவே நிற்காது. பெரும்பாலும் அது தளர்த்திய நிப்பிளின் மறை வழியே வெளியிலிருந்து வரும் காற்று. சிஸ்டத்துக்குள் இருந்தது அல்ல. மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதை விட, இன்னொருவரை பெடலில் உட்காரவைத்து ஒரு முறை செய்து பார்ப்பது தெளிவு. அவர் பெடலை விடுவதற்குள் நிப்பிளை மூடிவிட வேண்டும், தொட்டி ஒரு கணமும் வற்றக் கூடாது.

பின் அச்சில் பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு உள்ள கார்களில், பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்படி விட்டால், காரில் பாரமே இல்லை என்று வால்வு நினைத்துக்கொண்டு பின்னால் போகும் ஆயிலைக் குறுக்கிவிடும். பின் நிப்பிளில் ஆயில் அழுது வடிவதற்கு அதுதான் காரணம். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, சஸ்பென்ஷனில் பாரம் ஏறும்படி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி கீழே படுக்க வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கு என்பது பொது விதி. குறுக்குக்குறுக்காகச் சர்க்யூட் பிரித்த கார்களில் வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். தொட்டி வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், உள்ளே இருக்கும் வால்வுகளைத் திறந்து மூட ஸ்கேனர் தேவைப்படலாம்.

ஆயிலுக்கு வெளியே தேடாமல் விடுவது

காலிப்பர் நழுவி நகர உதவும் ஸ்லைடு பின் (pin) துருப்பிடித்து இறுகியிருந்தால், பிஸ்டன் ஒரு பக்க பேடை மட்டும் தள்ளி டிஸ்க்கையும் காலிப்பரையும் வளைக்கப் பார்க்கும். அந்த வளைவு காலுக்குக் காற்று போலவே இருக்கும். பேட் ஆப்பு வடிவில் தேய்ந்திருப்பது இதைக் காட்டிக்கொடுக்கும். டிஸ்க்கே கோணலாகச் சுற்றுகிறதா என்பதை, அதைச் சுழற்றி டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்துப் பாருங்கள்; பல கார்களில் அனுமதிக்கப்பட்ட கோணல் 0.1 மி.மீ. அளவுக்குள்தான்.

ரப்பர் ஹோஸை விரலால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். நல்ல ஹோஸ் லேசாக இறுகும். கெட்டது கைக்குள் உப்பும். மேலே வெடிப்பு தெரியாத ஹோஸும் உப்பும், அதனால் பார்த்தால் மட்டும் போதாது, தொட வேண்டும்.

பழுது முன்னாலா பின்னாலா என்றே தெரியாதபோது பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. வழவழப்பான உருண்டைத் தாடை உள்ள ஹோஸ் கிளாம்பால் எல்லா ஹோஸையும் அடைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் உயரமாகக் கெட்டியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் தப்பித்தது. பிறகு ஒவ்வொரு கிளாம்பாக எடுத்து மிதித்துக்கொண்டே வந்தால், எந்தச் சக்கரத்தைத் திறந்ததும் பெடல் விழுகிறதோ அங்கேதான் வேலை. பல் உள்ள பிளையரால் ஹோஸை நெரித்துவிட்டால் இந்தச் சோதனையே புதுப் பழுதை உண்டாக்கிவிடும். வெடித்துக் காய்ந்துபோன ஹோஸிலும் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸிலும் இதைச் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட காரில் மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாய்களைச் சரியான மறையுள்ள பிளக்கால் அடைத்து, உள்ளே சேர்ந்த காற்றையும் எடுத்துவிட்டு மிதித்தால் அதே பதில் கிடைக்கும்.

பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் அழுத்தி மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரையே உற்றுப் பாருங்கள். சிலிண்டரும் பூஸ்டரும் சேர்ந்து முன்னால் நகர்ந்தால், அவை மாட்டியிருக்கும் தகடு துருவில் பலமிழந்திருக்கிறது அல்லது வெல்டிங் விட்டிருக்கிறது. இடப்பக்க ஸ்டியரிங்குக்காக வடிவமைத்து வலப்பக்கத்துக்கு மாற்றிய சில மாடல்களில், பெடலிலிருந்து சிலிண்டர்வரை குறுக்கே ஒரு கம்பி போகும். அதன் புஷ் தேய்ந்தாலும் கம்பி வளைந்தாலும் பெடலின் தூரம் கூடும். பெடலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாலே பெடலின் இணைப்பு பின்னிலும் (pin) புஷ்ஷிலும் எவ்வளவு தேய்மானம் என்பது தெரிந்துவிடும்.

எந்த வேலை செய்திருந்தாலும், சாலைக்குப் போகும் முன் இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் அழுத்தி மிதித்துப் பிடியுங்கள். கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். காலியான சமதரையில் நடைவேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். மறுநாள் வண்டியை எடுக்கும் முன் தொட்டி மட்டத்தையும் அதே இணைப்புகளையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மெல்லிய கசிவு ஒரு இரவு நின்ற பிறகுதான் தெரியும்.